மாணவர் டீன்: சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டில் 'டீன்' என்றதும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தலைவர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் சொல்லின் பிறப்புக்கும் மருத்துவத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இலத்தீனில் 'தெக்கெம்' என்றால் பத்து. பத்துப் பேருக்குத் தலைவர் 'தெக்கானுஸ்'. ரோமானியப் படையில் ஒரே கூடாரத்தில் தங்கிய சிப்பாய்களின் தலைவனுக்கு இந்தப் பெயர் இருந்தது. பிறகு கிறித்தவ மடங்களில் பத்துத் துறவிகளைக் கண்காணித்தவருக்கு வந்தது. பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குள் நுழைந்து, கல்லூரிகளில் மாணவர் ஒழுக்கத்துக்குப் பொறுப்பானவரையும் குறித்தது.

மாணவர்களுக்கென்றே தனி டீன் ('டீன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்') என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வளர்த்த பதவி. அதன் சங்கடத்தைக் கேத்தரின் டோலின் கதையில் பார்க்கலாம். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் மகளிர் பிரிவுக்கு முதல் இயக்குநராக இருந்த கர்னல் அவர். பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர் டீன் ஆனார். 1964 செப்டம்பரில், பான்கிராஃப்ட் - டெலிகிராஃப் தெருமுனையில் மாணவர்கள் மேசை போட்டு அரசியல் துண்டறிக்கை கொடுப்பதற்குத் தடை விதிக்கும் கடிதம் அவர் கையெழுத்தில் வெளியானது. முடிவெடுத்தவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள்; வசவு மட்டும் கையெழுத்துக்கு வந்தது. அக்டோபர் 1 அன்று, தடையை மீறி மேசை போட்டு உட்கார்ந்த ஜாக் வைன்பெர்க் என்பவரைக் கைது செய்த போலீஸ் காரை மாணவர்கள் சூழ்ந்து உட்கார்ந்து, சுமார் 32 மணி நேரம் நகரவிடவில்லை. போராட்டத்தின் மாணவர் தலைவர் மாரியோ சாவியோ காலணிகளைக் கழற்றிவிட்டு அந்தக் காரின் மேல் ஏறிப் பேசினார். (கலகத்திலும் ஒரு மரியாதை!) டிசம்பரில் சுமார் 800 பேர் கைதானார்கள். கடைசியில் பேராசிரியர் அவை 824க்கு 115 என்ற வாக்கில் மாணவர் பக்கம் நின்றது. மறு ஆண்டு டோல் ஓய்வு பெற்றார்.

தமிழில் என்ன சொல்வது? 'புலமுதல்வர்' நல்ல சொல், ஆனால் கலைப்புலம், அறிவியல்புலம் போன்றவற்றின் தலைவருக்கே பொருந்தும். இலங்கையின் 'பீடாதிபதி'க்கும் அதே எல்லைதான். மாணவர் டீனுக்குப் புலமும் இல்லை, பீடமும் இல்லை. 'மாணவர் நல முதன்மையர்' கேட்க இனிமையாக இருந்தாலும், மூலத்தில் இல்லாத 'நலம்' அதில் ஒட்டிக்கொள்கிறது. தடைக்கடிதத்தில் கையெழுத்திடுவதும் அதே நாற்காலியின் வேலை அல்லவா? என் தேர்வு 'மாணவர் முதன்மையர்'.