தளத்தில் ஒட்டி மறந்துபோன ஒரு வரி

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஈரோட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்பவர். "ஏனுங்க தம்பி, நம்ம கடை வெப்சைட்டைத் தொறந்தா ரம்மி ஆடக் கூப்புடுதுங்க. பெங்களூர் பார்ட்டி போன் பண்ணிக் கேக்கறாரு" என்றார். குரலில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் இருந்தது.

என் கணினியில் திறந்து பார்த்தேன். தளம் ஒழுங்காக வந்தது. அவர் கடைக் கணினியிலும் அப்படித்தான். அப்புறம் கைபேசியை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, கூகுளில் கடைப் பெயரைத் தேடி, வந்த முடிவைத் தொட்டேன். நேராக ரம்மித் தளத்துக்குப் போய் நின்றது. பின்னால் வந்து மறுபடி தொட்டால் கடைத் தளமே வருகிறது. அதாவது கைபேசியில் மட்டும், கூகுள் வழியாக வந்தால் மட்டும், முதல் தடவை மட்டும். தினமும் கணினியில் முகவரியைத் தட்டித் திறக்கும் முதலாளியின் கண்ணில் அது படவே படாது. வாடிக்கையாளர் கண்ணில் மட்டும் படும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி. ஆறு வருடத்துக்கு முன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் நிரலெழுதத் தெரியாமலே தானாக முயன்று அந்தத் தளத்தை உருவாக்கியிருந்தார். 'இதுவரை வந்தவர்கள்' என்று எண்ணிக்கை காட்டும் ஓர் இலவச ஸ்கிரிப்டை, அதாவது பக்கத்தில் ஓடும் சிறு நிரலை, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தார். அந்த எண்ணிக்கைப் பெட்டி எப்போதோ செத்துவிட்டது, பக்கத்தில் எந்த எண்ணும் தெரியவில்லை. ஆனால் வரி அப்படியே இருந்தது. ஸ்கிரிப்டைக் கொடுத்தவர் தன் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார், வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவர் அனுப்புவதையெல்லாம் இந்தக் கடையின் தளம் வருகிற ஒவ்வொருவரிடமும் ஓட்டிக்கொண்டிருந்தது.

வரியை நீக்கப் பத்து விநாடி. விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் கேட்டது: "எல்லாம் என்னாலதானுங்களா?"

இல்லை. அவர் போட்ட தளம்தான் ஆறு வருடமாகப் பெங்களூரிலிருந்தும் ஹூப்ளியிலிருந்தும் அந்தக் கடைக்கு ஆர்டர் கொண்டுவந்தது. தெரியாததை எடுத்து ஒட்டித்தான் எல்லோரும் தொடங்குகிறோம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒட்டுகிற வரி என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்கிரிப்ட் என்று தொடங்கி, நடுவில் வேறொரு தளத்தின் முகவரியைக் கொண்ட வரியை ஒட்டும்போது, நிரல் உங்கள் தளத்துக்கு வருவதில்லை. முகவரி மட்டும்தான் வருகிறது. யாராவது உங்கள் பக்கத்தைத் திறந்தால், அவருடைய பிரவுசர் அந்த முகவரிக்குப் போய், அங்கே அப்போது என்ன இருக்கிறதோ அதை எடுத்து வந்து ஓட்டும். நீங்கள் ஒட்டிய அன்று அங்கே இருந்தது வேறாக இருக்கலாம். ஓடும்போது அதற்கு உங்கள் சொந்த நிரலுக்கு இருக்கும் அத்தனை அதிகாரமும் உண்டு. பக்கத்தில் உள்ள எழுத்தை மாற்றலாம், இணைப்புகளைத் திருப்பலாம், படிவத்தில் வாடிக்கையாளர் தட்டும் பெயரையும் எண்ணையும் வேறிடத்துக்கு அனுப்பலாம்.

இதோடு ஐஃப்ரேமைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். யூடியூப் வீடியோவையும் கூகுள் மேப்பையும் பதிக்கக் கிடைக்கும் வரி ஐஃப்ரேம் என்றுதான் தொடங்கும். அதன் வழியே வருபவர் திண்ணையோடு சரி. உங்கள் பக்கத்தில் உள்ளதைப் படிக்க பிரவுசர் அவரை விடாது. ஸ்கிரிப்ட் வழியே வருபவர் சமையலறை, பீரோ வரை போகலாம். ஒரே வசதி இரண்டு விதமாகவும் கிடைத்தால் ஐஃப்ரேமையே எடுங்கள். நிரல் தெரியாதவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டாலே பாதி ஆபத்து குறையும்.

ஈரோட்டில் நடந்தது சின்னது. இதே கதை உலக அளவில் 2024இல் நடந்தது. பாலிஃபில் என்பது பழைய பிரவுசர்களுக்குப் புதிய வசதிகளைக் கொடுக்கும் நிரல். அதை இலவசமாகத் தந்த பாலிஃபில் டாட் ஐஓ சேவையை ஆண்ட்ரூ பெட்ஸ் என்ற நிரலாளர் உருவாக்கினார். லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதன் ஒற்றை வரியை ஒட்டியிருந்தன. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் ஃபன்னல் என்ற சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. டொமைன் தன்னுடையதாக இருந்ததே இல்லை என்றும், அந்த வரியை உடனே நீக்கிவிடுங்கள் என்றும் பெட்ஸ் அப்போதே பகிரங்கமாகச் சொன்னார். இன்றைய பிரவுசர்களுக்கு அது தேவையே இல்லை என்றும் சொன்னார். நிறையப் பேர் கேட்கவில்லை. பலருக்குத் தங்கள் தளத்தில் அப்படி ஒரு வரி இருப்பதே தெரிந்திருக்காது, யாரோ செய்து கொடுத்த தீமுக்குள், அதாவது தளத்தின் தோற்றத்துக்கான ஆயத்தத் தொகுப்புக்குள், அது இருந்திருக்கும். ஜூன் மாதம் சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் விஷயத்தை வெளிக்கொண்டுவந்தது. கைபேசியில் வருகிறவர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தது அந்த வரி. குறிப்பிட்ட கைபேசிகளில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும். தள நிர்வாகி உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தால் அடங்கிக்கொள்ளும். வருகையாளர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் சேவையின் முகவரி போலவே தோன்றும்படி எழுத்து மாற்றிய ஒரு போலி முகவரியையும் பயன்படுத்தியது.

'என் கம்ப்யூட்டரில் சரியாகத்தானே வருகிறது' என்ற பதில் இதனால்தான் எதையும் நிரூபிப்பதில்லை. நீங்கள் பார்க்கக்கூடாது என்றே இவை எழுதப்படுகின்றன.

தளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்களுக்கும் இதுதான் நிலை. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்று ஒரு பிளகின், சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. முதலில் எழுதியவர் நல்ல மனிதர், பிளகினும் நல்ல பிளகின். 2017இல் அது கைமாறியது. புதியவர் வெளியிட்ட பதிப்புகளில் மற்றவர் தளங்களில் விளம்பரப் பக்கங்களை நுழைக்கும் நிரல் இருந்தது. வேர்ட்பிரஸ் அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பிளகினை ஒழுங்காக அப்டேட் செய்தவர்கள்தான் அதில் மாட்டிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதற்காக அப்டேட் செய்யாமல் இருந்துவிடாதீர்கள். பழைய ஓட்டைகள் வழியாக நுழைபவர்கள்தான் நான் பார்த்த வரையில் அதிகம். பிளகின்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பயன்படாததை வெறுமனே முடக்கி வைக்காமல் அழித்தே விடுங்கள். கோப்பு சர்வரில் இருக்கும்வரை அதில் உள்ள ஓட்டையும் அங்கேயே இருக்கும்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம், பிளகின்களை 'நல்டு' என்று இலவசமாகத் தருகிற தளங்கள் இருக்கின்றன. அங்கே மட்டும் போகவே போகாதீர்கள். ஒருவர் மெனக்கெட்டுப் பூட்டை உடைத்து, சர்வர் செலவு செய்து, அதை உங்களுக்குச் சும்மா கொடுக்க என்ன காரணம்? அப்படி எடுத்த தீமின் கோப்புகளைத் திறந்தால் எனக்கு அடிக்கடி கிடைப்பது அர்த்தமில்லாத எழுத்துகளாக நீளும் ஒரு துண்டு. அதன் முன்னால் 'ஈவல்', 'பேஸ்64 டிகோட்' என்ற சொற்கள் இருக்கும். மறைத்து வைத்த நிரலை அவிழ்த்து ஓட்டும் கட்டளைகள் அவை. இது பிரவுசரில் அல்ல, சர்வரிலேயே ஓடும். தரவுத்தளக் கடவுச்சொல் உட்பட எல்லாம் அதன் கைக்கு எட்டும்.

தொடர்புப் படிவமும் அப்படித்தான். 1995இல் மாட் ரைட் என்பவர் ஃபார்ம்மெயில் என்ற இலவச ஸ்கிரிப்டை வெளியிட்டார். படிவத்தில் எழுதியதை மின்னஞ்சலாக அனுப்பும், அவ்வளவுதான் வேலை. உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற முகவரியைப் படிவமே சொல்லும்படி அமைத்திருந்ததால், அடுத்தவர் சர்வரிலிருந்து ஆயிரக்கணக்கில் ஸ்பேம் அனுப்ப அது வழியாகிப்போனது. மோசடி செய்யும் எண்ணம் எழுதியவருக்குத் துளியும் இல்லை. பிற்காலத்தில், தன் ஸ்கிரிப்டுக்குப் பதிலாக வேறு சிலர் பாதுகாப்பாகத் திருத்தி எழுதியதைப் பயன்படுத்தும்படி அவரே பரிந்துரைத்தார். உங்கள் படிவத்தில் பெறுபவரின் முகவரி பக்கத்தில் மறைவாக எழுதப்பட்டிருக்கிறதா, சர்வரில் உள்ள கோப்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்புக்குள்தான் இருக்க வேண்டும்.

சரி, ஸ்கிரிப்டே இல்லாமல் என்னென்ன செய்யலாம்? என்னிடம் வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். வாட்ஸ்அப் பொத்தானுக்காக யாரோ எழுதிய ஸ்கிரிப்டை ஒட்டுகிறார்கள். அது வெறும் இணைப்பு. டபிள்யூஏ டாட் எம்ஈ என்பதன் பின்னால் ஒரு சாய்கோடு, 91, உங்கள் கைபேசி எண், அவ்வளவுதான். தொட்டால் அழைப்பு போக 'டெல்' என்ற இணைப்பு போதும். கேள்வியைத் தொட்டால் பதில் விரிவதற்கு ஹெச்டிஎம்எல்லிலேயே 'டீடெயில்ஸ்', 'சம்மரி' என்ற குறிகள் இருக்கின்றன. படங்கள் பார்வைக்கு நெருங்கும்போது மட்டும் ஏற 'லோடிங்' என்ற பண்பில் 'லேஸி' என்று போட்டால் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் படவரிசையை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் சில வரிகளில் செய்யலாம். வந்தவர் எண்ணிக்கை காட்டும் பெட்டியோ யாருக்குமே தேவையில்லை. கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரிந்தால் போதாதா?

வெளியிலிருந்து எடுத்தே ஆக வேண்டியது கொஞ்சம் மிஞ்சும். ஜேகுவெரி, பூட்ஸ்ட்ராப் போன்ற ஆயத்த நிரல் நூலகங்களை அவற்றின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி உங்கள் ஹோஸ்டிங்கிலேயே வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் டொமைன் யாருக்குப் போனாலும் உங்களுக்குக் கவலை இல்லை. புதிய பதிப்பு வந்தால் நீங்கள்தான் மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் வேலை. வெளி முகவரியிலிருந்தே எடுப்பதென்றால், பதிப்பு எண்ணோடும் 'இன்டெக்ரிட்டி' என்ற பண்போடும் உள்ள வரியை எடுங்கள். பூட்ஸ்ட்ராப் தளமே அப்படித்தான் தருகிறது. அதில் நீளமாக இருக்கும் எழுத்துக்கோவை அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை பொருந்தாது, பிரவுசர் அதை ஓட்டாது.

அந்தப் பண்பின் அருமை 2018 பிப்ரவரி 11 அன்று தெரிந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் பிரவுஸ்அலௌட் என்ற ஸ்கிரிப்டுக்குள் யாரோ புகுந்து, வருகிறவர்களின் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டன. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகத் தளமும் அதில் ஒன்று. அந்த வரிகளில் இன்டெக்ரிட்டி இருந்திருந்தால், மாறிய கோப்பைப் பிரவுசர்கள் தொட்டிருக்காது. நல்ல நோக்கத்தில், நம்பகமான நிறுவனம் கொடுத்த ஸ்கிரிப்டுக்கே இதுதான் கதி.

இன்றைக்கே உங்கள் தளத்தைச் சோதித்துப் பார்க்கலாம், நிரல் தெரிய வேண்டியதில்லை. கணினியில் தளத்தைத் திறந்து கன்ட்ரோலும் யு எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். பக்கத்தின் மூல நிரல் தெரியும். அதில் ஸ்கிரிப்ட் என்று தேடி, ஒவ்வொன்றிலும் உள்ள முகவரியைத் தாளில் எழுதுங்கள். இது எதற்கு, யார் கொடுத்தது, எப்போது ஒட்டினோம் என்று பக்கத்தில் குறியுங்கள். பதில் தெரியாத வரிதான் முதலில் பார்க்க வேண்டியது. முழு பேக்கப் எடுத்துவிட்டு, அதை நீக்கி, தளம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்கிரிப்ட் இன்னொன்றைக் கூட்டி வருவதும் உண்டு. அதைப் பார்க்க எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும். அப்புறம் கைபேசியில், மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோவில், கூகுளில் தேடி வந்து பாருங்கள். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல்கள் என்ற பக்கத்தையும் ஒருமுறை திறந்துவிடுங்கள்.

உங்கள் படிவத்தில் எண்ணைத் தட்டும் வாடிக்கையாளர் உங்கள் கடைப் பெயரை நம்பித்தான் தட்டுகிறார். எந்த ஸ்கிரிப்டை யார் எழுதினார்கள் என்று அவருக்குத் தெரியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேறொருவர் வழியாகத் தரவைக் கையாண்டாலும் பொறுப்பு அதைக் கேட்டு வாங்கிய நிறுவனத்துடையதே என்கிறது.

ஈரோட்டுக் கடையின் தளத்தில் பதினொரு வெளி வரிகள் இருந்தன. இப்போது இரண்டு. அந்தப் பெண் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். போன மாதம் யாரோ வந்து, தளத்தில் சாட் பெட்டி வைத்துத் தருகிறேன், முதல் வருடம் இலவசம் என்றாராம். "அந்த ஸ்கிரிப்ட் எந்த முகவரியிலிருந்து வருதுங்க, உங்க கம்பெனி மூடிட்டா அந்த டொமைன் யார்கிட்டப் போகும்னு கேட்டேனுங்க. கேட்டுச் சொல்றேன்னு போயிருக்காரு" என்று எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.