பொய்ப் பந்தயத்தின் கணக்கு

ராணுவத் தளபதியைப் போல யோசித்தால் போக்கர் சீட்டாட்டத்தில் ஜெயிக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஜெயிக்க உதவும் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர். 1943 பிப்ரவரி இறுதியில் ஜப்பானியக் கப்பல்கள் நியூ பிரிட்டன் தீவின் ரபௌலிலிருந்து நியூ கினியின் லே துறைமுகத்துக்குக் கிளம்பின. தீவுக்கு வடக்கே போகலாம், தெற்கேயும் போகலாம். வடக்கே வானிலை மோசம். அமெரிக்கர்கள் உளவு விமானங்களை வடக்கே குவித்தால், கப்பல்கள் எப்படிப் போனாலும் 2 நாள் குண்டு வீசலாம். தெற்கே குவித்தால் 3 நாளும் கிடைக்கலாம், 1 நாளோடும் போகலாம். அமெரிக்க விமானப்படை அதிகாரி ஹேவுட் 1954இல் எழுதிய ஆய்வில் போட்ட கணக்கு இது. அமெரிக்கத் தளபதி கென்னி வடக்கைத்தான் பிடித்தார். எதிரியின் மனதை ஊகிப்பதை விட, அவனால் என்னென்ன முடியும் என்று பார்ப்பது பாதுகாப்பு.

போக்கருக்கு வருவோம். ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு இருக்கிறது, ஐந்தாவது வேண்டும். பார்க்காத 47 சீட்டில் 9 உதவும். அடுத்த சீட்டிலேயே வர வாய்ப்பு சுமார் 19 சதவீதம். இதெல்லாம் பள்ளிக் கணக்கு. நான் சொக்கிப்போவது ப்ளஃப் எனும் பொய்ப் பந்தயத்தில்: கையில் மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு, நல்ல சீட்டு இருப்பதுபோல் பந்தயம் வைப்பது.

கடைசிச் சுற்று. நடுவில் 100 வில்லைகள். நான் இன்னொரு 100 வைக்கிறேன். எதிராளியும் 100 வைத்து ஏற்றால், என் பந்தயம் பொய் என்றால் அவருக்கு 200 வரவு. மெய் என்றால் 100 நட்டம். என் 3 பந்தயங்களில் 2 மெய், 1 பொய் என்று வையுங்கள். மூன்றையும் ஏற்றால் 200 போகிறது, 200 வருகிறது. மிச்சம் பூஜ்யம். எல்லாவற்றிலும் ஒதுங்கினாலும் பூஜ்யம்தான்! எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரால் இதிலிருந்து ஒன்றும் கறக்க முடியாது. நான் பொய்யைக் கூட்டினால் அவர் ஏற்றே சம்பாதிப்பார். குறைத்தால் ஒதுங்கியே தப்பிப்பார்.

சரி, எந்த முறை பொய் சொல்வது? நல்ல சீட்டும் மட்டமான சீட்டும் சம அளவில் வருமென்றால், மட்டமானதில் பாதி முறை. கடிகாரத்தைப் பார்க்கலாம்: வினாடி முள் முதல் 30க்குள் இருந்தால் பந்தயம், தாண்டினால் இல்லை. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே முன்கூட்டித் தெரியாதபோது, ரகசியம் எப்படிக் கசியும்?

இந்தச் சிந்தனைக்கு 1928இல் அடித்தளமிட்டவர் கணித மேதை வான் நாய்மன். ராசியான இருக்கை, முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது போன்ற பேச்சுகளில் எனக்கு நம்பிக்கையே இல்லை. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேடஸ் எனும் போக்கர் ஆடும் கணினி நிரல் 1,20,000 ஆட்டங்களில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அது யார் முகத்தையும் பார்க்கவில்லை.