மூக்கையும் ஆய்வுக்கு அழைத்துச் செல்லுங்கள்

பழைய கட்டடத்தின் நிலையைப் பதிவு செய்ய நாங்கள் கொண்டுபோகும் படிவத்தில் விரிசலுக்கு ஒரு கட்டம் உண்டு. ஈரம் ஏறிய உயரத்துக்கு ஒன்று, உப்புப் பூத்த சுவருக்கு ஒன்று, கறையானுக்கு ஒன்று, பழைய பூச்சுக்கு ஒன்று. மணத்துக்கு மட்டும் இடம் கிடையாது. பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புதான் என் தொழில். இராமநாதபுரம் கடற்கரையில் வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு, அந்தப் படிவத்தின் ஓரத்தில் மணத்தைப் பற்றியும் எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இராமேசுவரம் கோயில் பிரகாரத்தின் தூண்வரிசையைப் படம் எடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு ஈரத்துணியோடு நடப்பவர்களால் ஓயாமல் நனைந்துகொண்டிருக்கும் கல்லின் வாசனையை என்ன செய்வது? அதோடு விளக்கில் எரியும் எண்ணெய், திருநீறு, வாடிய வில்வம், மிதிபட்ட பூ எல்லாம் கலந்திருக்கின்றன. சிறுவயதில் ஒருமுறை வந்து போனவரும், பல ஆண்டு கழித்துத் திரும்பும்போது அந்தக் காற்று முகத்தில் பட்டதும் தாத்தாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. பார்வையும் ஒலியும் மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் என்னும் இடைநிலையம் வழியாகச் சுற்றித்தான் போகின்றன. மூக்கு தரும் செய்தி அந்தச் சுற்றுவழி இல்லாமலே உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளை எட்டிவிடுகிறது.

1994-இல் ஜப்பானின் நாரா நகரில் உருவான ஆவணம், ஓர் இடத்தின் உண்மைத்தன்மையைத் தீர்மானிக்கும்போது வடிவம், பொருள் ஆகியவற்றோடு அந்த இடம் தரும் உணர்வையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. அதை மேற்கோள் காட்டாத பாதுகாப்பு அறிக்கை அரிது. மேற்கோள் காட்டிய கையோடு பினாயில் ஊற்றிக் கழுவச் சொல்லும் அறிக்கைகளும் உண்டு.

உணர்வை விடுங்கள். மூக்கு முதலில் ஓர் ஆய்வுக் கருவி. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் வரும் முதல் மூச்சில் இருக்கும் தகவல், ஐந்து நிமிடம் கழித்து இருக்காது. காற்று மாறிவிடும், மூக்கும் பழகிவிடும். ஆகவே கதவைத் திறந்தவுடன் விளக்கையும் மின்விசிறியையும் போடாமல் ஒரு கணம் நில்லுங்கள். மக்கிய பூஞ்சை வாடை வந்தால் எங்கோ ஈரம் தங்கியிருக்கிறது என்று பொருள், சுவர் வெளியே எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும். இந்தக் கடற்கரையில் பல பழைய சுவர்கள் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. அவை ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அவற்றின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. கடற்காற்று கொண்டுவந்த உப்பு உள்ளேயே படிகமாகி, கல்லைப் பொடியாக்கும். கண்ணுக்கு இது தெரிய ஆண்டுகள் ஆகலாம். மூக்குக்கு முன்பே தெரிந்துவிடும். வாசனைத் தெளிப்பான்களின் மேல் எனக்குள்ள கோபத்துக்குக் காரணம் இதுதான். மல்லிகை மணக்கும் அலுவலக அறையில் சுவர் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருப்பதை யாரும் சொல்ல முடியாது.

கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி வந்தால் மேலே வௌவால் இருக்கிறது. அங்கே மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டாம். உலர்ந்த வௌவால் எச்சத்தின் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்க வாய்ப்புண்டு. முகக்கவசம் போடாமல் துடைப்பத்தை எடுக்கக் கூடாது.

இன்னொன்று, காடி போன்ற புளிப்பு வாடை. பழைய புகைப்பட நெகட்டிவ் வைத்த பெட்டியில் அது வந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. நல்ல பிலிம்களை உடனே பிரித்து வையுங்கள். சங்குத் தொழில் நடந்த கீழக்கரை போன்ற ஊர்களில் பழைய வீடுகளில் சங்கும் சிப்பியும் மர அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சில வகை மரங்களும் அட்டைகளும் மெல்ல அமிலத்தை ஆவியாக விடும். காற்றோட்டமில்லாத அலமாரியில் அந்த ஆவி, சுண்ணாம்புப் பொருளான சங்கை அரித்து வெள்ளைத் தூளாக உதிர வைக்கும். அலமாரியைத் திறந்ததும் புளிப்பு நெடி அடித்தால் சங்கை எடுத்துக் காற்றாட வையுங்கள். ஓலைச்சுவடிகளில் எலுமிச்சைப்புல் எண்ணெயின் மணம் வந்தால் யாரோ கவனித்து வந்திருக்கிறார்கள்.

பழைய காகிதத்தின் மணத்தை ஆய்வுக்கூடத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். லண்டன் புனித பவுல் தேவாலயத்தின் பழைய நூலகத்து வாசனையை வேதியியலாலும் மனித மூக்காலும் வகைப்படுத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அதைச் செய்தவர்கள் சிசிலியா பெம்பிப்ரே, மத்தியா ஸ்ட்ர்லிச் ஆகியோர். நம் ஊரில் அதற்கான கருவி இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. நம் கொத்தனார்களிடம் அந்தப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. கடுக்காயையும் கருப்பட்டியையும் ஊறவைத்த நீரில்தான் சுண்ணாம்பு அரைப்பார்கள். அந்த நீர் புளிக்க வேண்டும். பக்குவம் பார்க்கும் மூத்த கொத்தனார் பானையை மூடியிருக்கும் துணியை விலக்கி ஒரு முறை முகர்வார். “இன்னும் வாடை ஏறவில்லை சார், ஊறட்டும்” என்பார். ஒப்பந்தத்தில் எழுதிய நாள் கணக்கைவிட எனக்கு அந்த மூக்கின் மேல்தான் நம்பிக்கை.

பாரம்பரிய மணம் என்றதும் சந்தனத்தை நினைப்பது இயல்பு. இந்த மாவட்டத்தில் அதற்குக் குறைவும் இல்லை. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். வழக்கமாக மார்கழி ஆருத்ரா தரிசனத்தையொட்டித்தான் காப்பு களையப்படும். களைந்த சந்தனம் பக்தர்களுக்குப் போகும். சிவபூசைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட தாழம்பூவுக்கும் அங்கே இடம் உண்டு. ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு ஊர்வலமாக வந்து அடக்கத்தலத்தில் சந்தனம் பூசப்படுகிறது. இரு தலத்திலும் வழிபாடு நடக்கும்வரை இந்த மணங்களுக்குக் காவல் தேவையில்லை.

எனக்குக் கவலை கவிச்சியைப் பற்றித்தான். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தெடுத்தார்கள். கரையே நாறியிருக்கும். காட்சிக்கூடத்தில் இன்று பளபளக்கும் முத்துக்கு அந்த வரலாறு ஒட்டவில்லை. கருவாடு காயும் களம், பாசி உலர்த்தும் மணல், பதநீர் காயும் கொப்பரை, சாலையோரத்தில் பரப்பிய முண்டு மிளகாயின் நெடி: இவைதான் இந்தக் கரைக்கு அடையாளம். முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கருவாட்டுக் களத்துக்குக் கிடைப்பதெல்லாம் புகார் மனு. கடல் தெரிய அறை வேண்டும், கடலின் வாடை மட்டும் வேண்டாம் என்பவர்களுக்காக இந்தக் களங்களை விரட்டினால், அந்த மணத்தைப் பிறகு எந்தச் சீசாவிலும் வாங்க முடியாது. மணத்தை மட்டும் தனியாகப் பாதுகாக்க வழியில்லை. அதை உண்டாக்கும் வேலை அங்கே நடக்க வேண்டும்.

அதற்காக எல்லா நாற்றத்தையும் பாரம்பரியம் என்று கும்பிடச் சொல்லவில்லை. இராமேசுவரத்தில் பக்தர்கள் நீராடும் கடற்கரையான அக்னி தீர்த்தத்தில் கழிவுநீர் கலக்கிறது என்ற புகார் பலமுறை செய்தியில் வந்திருக்கிறது. அது சுகாதாரக் கேடு, நிறுத்தியாக வேண்டும். பிளாஸ்டிக் எரிக்கும் புகையும் அப்படியே. நான் கேட்கும் கேள்வி எளியது: இந்த வாடை இங்கே வாழ்பவரின் தொழிலிலிருந்து வருகிறதா, அல்லது யாரோ செய்யத் தவறிய வேலையிலிருந்து வருகிறதா?

மற்ற நாடுகளும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-இல் மணத்துக்காகக் காக்க வேண்டிய 100 இடங்களைப் பட்டியலிட்டது. அதில் ஒசாகாவின் ட்சுருஹாஷி ரயில் நிலையத்தைச் சுற்றி இறைச்சி சுடும் கடைத்தெருவும் இருக்கிறது. பிரான்ஸ் 2021-இல் நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் அங்கீகரித்துச் சட்டமே இயற்றியது.

ட்சுருஹாஷியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர். தேவாலயமும் ரயில் நிலையமும் இடிபாடாக நிற்கின்றன. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் கூட்டம் பெருகியது, மீன் வறுக்கும் கடைகளும் பெருகின. இடிபாட்டின் கண்ணியத்தை அந்த எண்ணெய்ப் புகை கெடுக்கிறது என்று எங்கள் தொழிலில் சிலர் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. அடுப்பைத் தேவாலயச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், புகைக்கரி முருகைக்கல்லில் படியக் கூடாது, அவ்வளவுதான். துறைமுக ஊராக இருந்த காலத்தில் தனுஷ்கோடியில் நிலக்கரிப் புகையும் மீனும் மணத்திருக்காதா? சுத்தமான கடற்காற்று மட்டும் வீசும் தனுஷ்கோடி, புயலுக்குப் பிந்தைய தனுஷ்கோடி.

பதிவு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். ஒரே பயணத்தில் எழுதிவிடாதீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ போனால், படகு பழுதுபார்க்கும் பெயின்ட், ரெசின் நெடியைத்தான் துறைமுகத்தின் மணம் என்று எழுதி வருவீர்கள். வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றில் ஒரு பயணம், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் ஒன்று. பெண்கடல் என்று இங்கே சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் ஒன்று, ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஒன்று. நேரம், காற்றின் திசை, மணம் எங்கிருந்து வருகிறது, அந்த வேலையைச் செய்பவர் யார், அவர் அதை எந்தச் சொல்லால் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டால் போதும். உள்ளூர்க்காரர்களின் மூக்கு பழகிப்போயிருக்கும். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்தவரிடம் முதல் நாளிலேயே கேளுங்கள். வயது ஏற ஏற முகரும் திறன் குறையும் என்பதால், பெரியவர்களிடம் இன்றைய மணத்தைவிட நினைவில் உள்ள மணத்தைக் கேட்பதே பயன் தரும்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும், திருப்பணிப் பொறுப்பில் இருப்பவர்கள் கல்தூணில் எனாமல் பெயின்ட்டும் சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடிக்கும் மதிப்பீட்டில் கையெழுத்திடும் முன் சற்றுப் பொறுக்கலாம். கல்லை வெறுமனே விட்டுவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் ஈரமும் வெளியேறும், கட்டடத்தின் பழைய வாசனையும் நிற்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து, காலையில் கதவு திறக்கும் நேரத்தில் சுவரைக் காட்டுங்கள்.