பாய்ல படுத்தா குத்துற எலும்பும் கரப்பான் காலும்

பாய்ல ஒருக்களிச்சு படுத்தா தொடைக்கு மேல வெளிப்பக்கமா ஒரு எலும்பு தரையில குத்தும்ல, அதை இடுப்பெலும்புன்னு தான் நானும் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். இல்லவே இல்ல, அது தொடை எலும்போட புடைப்பு, பேரு கிரேட்டர் ட்ரொக்கான்டர். உள்பக்கமா கொஞ்சம் கீழ லெஸ்ஸர் ட்ரொக்கான்டர்னு ஒரு குட்டி இருக்கு, அது தொடையை மேல தூக்குற தசைக்கு, படி ஏறும்போது வேலை செய்யும்.

தொடை எலும்பு நேரா இடுப்புல போய் சேராது, மேல வந்ததும் சுமார் 125 டிகிரி கோணத்துல கழுத்து மாதிரி திரும்பி, நுனியில இருக்க பந்து இடுப்புக் குழியில உக்காரும். அந்த திருப்பத்துல வெளிய துருத்திட்டு நிக்கிறது தான் பெரிய புடைப்பு. கதவை கீல் பக்கம் தள்ளினா எவ்ளோ கஷ்டம், கைப்பிடி பக்கம் தள்ளினா எவ்ளோ ஈசி, அதே கணக்கு தான், தசை மூட்டை விட்டு தள்ளி நின்னு இழுக்குது. 29சி பஸ் படிக்கட்டுல ஒத்தக் கால்ல நிக்கிறீங்கன்னா, ஊனின கால் பக்கத்து குளூட்டியஸ் மீடியஸ் தசை இந்த புடைப்பை பிடிச்சு இழுத்து தான் இடுப்பு மறுபக்கம் சரியாம நிக்குது. அது வீக் ஆனா தூக்கின கால் பக்கம் இடுப்பு இறங்கிடும், நடை ஆட்டம் கண்டுடும்.

இதே பேரு பூச்சியோட கால்ல ஒரு துண்டுக்கும் வச்சிருக்காங்க. உடம்புலேர்ந்து கால் நுனி வரைக்கும் காக்ஸா, ட்ரொக்கான்டர், ஃபீமர், டிபியா, டார்சஸ்னு வரிசையா. ஆனா அதுக்கு எலும்பே கிடையாது, ஓடு தான், அதனால இது சொந்தபந்தம் இல்ல, சும்மா பேர் ஒத்துமை. நமக்கு புடைப்பு, அதுக்கு தனி கணு. பாத்ரூம்ல மல்லாந்து செத்துக் கிடக்குற கரப்பானை (மனசிருந்தா) குனிஞ்சு பாருங்க, உடம்போட ஒட்டி தட்டையா அகலமா இருக்குறது காக்ஸா, அது முடியுற இடத்துல கால் மடங்கும், அங்க மணி மாதிரி இருக்க குட்டி துண்டு தான் ட்ரொக்கான்டர். அது ஃபீமரோட ஒட்டியே இருக்கும், சட்டுனு பிரிச்சு தெரியாது. தசை இதைத்தான் இழுத்து காலை கீழ ஊன வைக்குது.

எனக்கு பிடிச்சது இசஸ்னு ஒரு ஐரோப்பிய பூச்சி, நம்ம நெல்லுல வர்ற புகையானுக்கு தூரத்து உறவு. அதோட குஞ்சுக்கு பின்னங்கால் ரெண்டுலயும் ட்ரொக்கான்டர்ல பல்சக்கரம் இருக்கு, காலுக்கு 10லேர்ந்து 12 பல்லு, 2013ல கேம்பிரிட்ஜ் ஆளுங்க சொன்னப்போ தான் தெரிஞ்சுது. குதிக்கும்போது அந்த பல்லு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு, ரெண்டு காலும் 30 மைக்ரோசெகண்டுக்குள்ள சேர்ந்து உதைக்கும், நரம்பால அவ்ளோ துல்லியமா டைமிங் பிடிக்க முடியாது. கடைசியா தோல் உரிச்சு பெருசானதும் அந்த பல்லு இருக்காது, வெறும் உராய்வுலயே ரெண்டு காலையும் சேர்த்து ஓட்டிக்குது.