தைலம் ஏன் சில்லென்கிறது? குளிரை உணரும் அயனிக் கால்வாயின் உள்கட்டமைப்பு

ஊட்டியிலோ குன்னூரிலோ வாங்கிய நீலகிரித் தைலம், அது இருக்கும் அறையின் வெப்பநிலையில்தான் இருக்கும். நெற்றியில் தடவியதும் மட்டும் சில்லென்கிறது. ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொள்வதுதான் காரணம் என்று சொல்வதுண்டு. அதன் பங்கு சிறியது. வெந்நீரில் நாலு சொட்டு விட்டு ஆவி பிடித்தால் உள்ளே போவது சூடான நீராவி. ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் தெரிவது குளிர்ச்சி. அங்கே குளிர்ந்த பொருள் எதுவுமே இல்லை. குளிரை அறிவிக்கும் நரம்பு தூண்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த நரம்பு முனைகளின் சவ்வில் பதிந்திருக்கும் புரதம் டிஆர்பிஎம்8. திறந்தால் சோடியம், கால்சியம் அயனிகளை உள்ளே விடும் கால்வாய் அது. 2002-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகியோரின் ஆய்வகங்கள் தனித்தனியே அதைக் கண்டறிந்தன; வெப்பம், தொடுதல் ஆகியவற்றின் உணர்விகளுக்காக இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகள் இதமான குளிரைப் பெரும்பாலும் உணர்வதில்லை என்பது 2007-இல் தெரியவந்தது.

ஒரே மாதிரியான நான்கு புரதச் சங்கிலிகள் கூடி ஒரு கால்வாய் ஆகின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் 1104 அமினோ அமிலங்கள். முதல் 700 வரை செல்லுக்குள்ளேயே மடிந்து கிடக்கும் பெரிய பகுதி. அடுத்து சவ்வைக் குறுக்கே துளைக்கும் ஆறு சுருள்கள்: எஸ்1 முதல் எஸ்6 வரை. எஸ்5, எஸ்6 இரண்டும் நடுவில் துளையை அமைக்கின்றன. நான்கு எஸ்6 சுருள்களின் அடிமுனைகள் நெருங்கும் இடமே வாயில். எஸ்1 முதல் எஸ்4 வரையிலானவை அந்தத் துளைக்கு வெளிப்புறத்தில் கொத்தாக நிற்கின்றன. எஸ்6 முடிந்ததும் சங்கிலி சட்டென மடங்கி, சவ்வின் உட்புறத்தை ஒட்டியபடி கிடையாக ஓடுகிறது. இதற்கு டிஆர்பி சுருள் என்று பெயர். வெளிக்கொத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு வாயிலோடும் நேராக இணைந்திருப்பதால், ஓரிடத்தில் நேரும் அசைவை வாயிலுக்குக் கடத்தும் நெம்புகோல் இதுதான். என் பார்வையில் இந்தப் புரதத்தின் மிக அழகான பகுதியும் இதுவே.

புதினாவின் குளிர்ச்சிப் பொருளான மெந்தால் போய் உட்காரும் குழிவு எஸ்1–எஸ்4 கொத்துக்குள் இருக்கிறது. எஸ்2-வில் 745-ஆவது இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு ஹிஸ்டிடின் என்ற வேறொன்றை வைத்தால், கால்வாய்க்கு மெந்தால் தெரிவதில்லை. குளிர் மட்டும் வழக்கம்போல் தெரிகிறது. ஐசிலின் என்ற செயற்கைக் குளிரூட்டி எஸ்2-க்கும் எஸ்3-க்கும் இடைப்பட்ட பகுதியை நம்பியிருக்கிறது. கால்சியமும் கூடவே வேண்டும். கோழியின் கால்வாயில் அந்தப் பகுதியின் ஒரே ஒரு அமினோ அமிலம் வேறாக இருப்பதால் ஐசிலின் அதனிடம் பலிப்பதில்லை. ஆக, வேதிப்பொருளை உணர்வதும் குளிரை உணர்வதும் ஒரே புரதத்தில் இருந்தாலும் பிரித்தெடுக்கக்கூடிய இரண்டு வேலைகள்.

குளிரை உணர்வது எந்தப் பகுதி? 2006-இல், சூட்டுக்கும் மிளகாய்க் காரத்துக்கும் திறக்கும் டிஆர்பிவி1 கால்வாயின் கடைவாலை (செல்லுக்குள் இருக்கும் சங்கிலியின் கடைசிப் பகுதியை) டிஆர்பிஎம்8-இன் கடைவாலோடு மாற்றிப் பொருத்தினார்கள். வெப்ப உணர்வும் வாலோடு இடம் மாறியது. ஆனால் குளிரைத் தாங்கும் ஒரு வகைத் தரை அணிலின் கால்வாயில், சவ்வுப் பகுதியிலுள்ள ஆறு அமினோ அமிலங்களை எலிக்குரியவையாக மாற்றியதும், மங்கியிருந்த குளிருணர்வு திரும்பியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், குளிருணர்வு ஒரு மூலையில் அடங்கியதல்ல, புரதம் முழுவதும் பகிர்ந்து செய்யும் வேலை என்றே கொள்ள வேண்டும்.

இத்தனை தூண்டல்களும் கூடும் இடம், நரம்புச் சவ்வின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான மின்னழுத்தம். வெதுவெதுப்பான தோலில் இக்கால்வாய் பாதியளவு திறக்கவே +100 மில்லிவோல்ட்டுக்கு மேல் வேண்டும்; ஓய்விலிருக்கும் நரம்பிலோ −60, −70 தான். குளிரும் மெந்தாலும் இந்தத் தேவையைக் கீழே இறக்கி, நரம்பு இருக்கும் அழுத்தத்தை நோக்கிக் கொண்டுவருகின்றன. இரண்டும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். தலைகுந்தாவில் உறைபனி விழுந்த காலையில் பூசிய தைலம், மேட்டுப்பாளையத்து வெயிலில் பூசியதைவிடக் கூடுதலாகச் சில்லிடுவது இதனால்தான்.

நம் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையில் காய்ச்சிய தைலத்தில் முக்கியப் பொருள் சினியோல். மெந்தாலோடு ஒப்பிட்டால் வலுக்குறைந்தது: மெந்தாலுக்குச் சில பத்து மைக்ரோமோலார் செறிவு போதும், சினியோலுக்குச் சில மில்லிமோலார் (ஒரு மில்லிமோலார் என்பது ஆயிரம் மைக்ரோமோலார்) வேண்டும். ஆனால் 60 சதவீதம் சினியோல் உள்ள தைலத்தில் அதன் செறிவு லிட்டருக்கு சுமார் 3.6 மோல், தேவையைப் போல் பல நூறு மடங்கு. தடித்த மேல்தோல் அதில் பெரும்பங்கைத் தடுத்துவிடும். மூக்கின் உட்சவ்வில் அந்தத் தடை இல்லாததால் வெறும் ஆவியே போதுமானதாகிறது.

சில நிமிடங்களில் சில்லிப்பு ஏன் தணிகிறது? டிஆர்பி சுருளின் அருகே, பிப்-2 என்ற சவ்வுக் கொழுப்பு பற்றிக்கொள்ளும் இடம் உண்டு. அது பற்றியிருந்தால்தான் வாயில் ஒழுங்காகத் திறக்கும். திறந்ததும் உள்ளே வரும் கால்சியம் பாஸ்போலைப்பேஸ் நொதியைத் தூண்டுகிறது, நொதி அந்தக் கொழுப்பையே சிதைக்கிறது, கால்வாய் மந்தமாகிறது. உடனே இன்னொரு தடவை பூசினாலும் முதல்முறைபோல் சில்லிடாது. பிப்-2 மறுபடி உருவாகும் வரை காத்திருக்க வேண்டும்.

மூக்கடைப்பில் தைலத்தை முகர்ந்ததும் மூச்சு தாராளமாகப் போவதுபோல் இருக்கும். மெந்தாலை வைத்து அளந்து பார்த்த ஆய்வுகளில் மூக்கின் காற்றுத்தடை மாறவில்லை. மாறியது உணர்வு மட்டுமே. கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தைலம் தடவவே கூடாது: வலுவான ஆவி மூச்சுப்பாதையில் பட்டால் அனிச்சையாக மூச்சு தடைபடலாம். குழந்தை சில மில்லி விழுங்கினால்கூட மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். வாந்தி எடுக்க வைத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.