ரைபோசோம்கள் இறங்கிய பிறகு: செல்லுக்குள் துளிகள் திரள்வது எப்படி?

வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தக்காளி இலை துவள்கிறது, தண்ணீர் கிடைத்தால் நிமிர்கிறது. அது நீரழுத்தக் கணக்கு, பள்ளிப் பாடத்தோடு முடிந்துவிடும். அதே இலையின் செல்லுக்குள் நடப்பது வேறு. புரதத் தயாரிப்பு பெருமளவு நின்றுபோய், சைட்டோபிளாசத்தில் ஒரு மைக்ரோமீட்டர் அளவில் திரள்கள் தோன்றுகின்றன. கிழக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் லூட்ஸ் நோவரின் குழு, சூடேற்றிய தக்காளிச் செல்களில் இப்படிப்பட்ட திரள்களைக் கண்டு 1983இல் வெளியிட்டது. இன்று ஸ்ட்ரெஸ் கிரானியூல், அதாவது நெருக்கடித் துகள் எனப்படுவது அதற்கு உறவுதான், அதுவே அல்ல. இரண்டும் வெவ்வேறு என்று 2008இல் பிரித்துக் காட்டிய ஆய்விலும் நோவருக்குப் பங்கு உண்டு.

நெருக்கடித் துகளைச் சுற்றிச் சவ்வு எதுவும் கிடையாது. ரசத்தின் மேல் மிதக்கும் நெய்த்துளிகளைப் போல, இரண்டு துகள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றாகிவிடும். உள்ளே இருப்பவை புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ, அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், அந்தச் செய்தியைப் படித்துப் புரதத்தைக் கோக்கும் இயந்திரமான ரைபோசோமின் சிறிய பாதி. பெரிய பாதி இருக்காது. எங்கே வேலை தடைப்பட்டது என்பதை இதுவே காட்டிக்கொடுக்கிறது: புரதத் தயாரிப்பு தொடங்கும் கட்டத்தில், இரண்டு பாதிகளும் சேர்வதற்கு முன்னால்.

தொடக்கத்தை நிறுத்தும் வழி பல செல்களுக்குப் பொது. இஐஎஃப்2 என்ற புரதம்தான் முதல் அமினோ அமிலத்தைச் சுமக்கும் டிஆர்என்ஏவை ரைபோசோமின் சிறிய பாதியிடம் சேர்க்கிறது. அதன் ஆல்ஃபா அலகில் 51ஆம் இடத்திலுள்ள செரினில் ஒரு பாஸ்பேட் ஏறினால், இஐஎஃப்2 தன்னைப் புதுப்பித்துத் தரும் இஐஎஃப்2பியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது புரதம் செல்லில் குறைவு. ஆகவே இஐஎஃப்2இல் ஒரு பகுதிக்குப் பாஸ்பேட் ஏறினாலே போதும். பாலூட்டிகளில் இந்தப் பாஸ்பேட்டை ஏற்ற நான்கு நொதிகள் உள்ளன: வைரஸ் வந்தால் ஒன்று, ஆர்சனிக் நச்சுக்கு இன்னொன்று என்று. தாவரங்களில் ஜிசிஎன்2 ஒன்றுதான். வெப்பத்தில் தாவரச் செல் துகள் கட்ட அந்த ஒன்றையும் பெரிதாக நம்பியிருப்பதில்லை.

இனிமேல்தான் அழகு. புதிய ரைபோசோம் ஏறாவிட்டாலும், ஏற்கெனவே ஏறியவை ஓட்டத்தை நிறுத்துவதில்லை. விநாடிக்கு 5, 6 அமினோ அமிலங்கள் என்று கோத்துக்கொண்டே போகின்றன. 400 அமினோ அமிலமுள்ள புரதம் என்றால் ஒன்றேகால் நிமிடத்தில் கடைசி ரைபோசோமும் இறங்கிவிடும். அதுவரை மூடியிருந்த எம்ஆர்என்ஏ வெறுமையாகிறது. ‘துகள் கட்டு’ என்று தனியாக ஒரு கட்டளை தேவையில்லை; செல்லில் வெற்று ஆர்என்ஏவின் அளவு ஒரு வரம்பைத் தாண்டுவதே போதும்.

இதைச் சோதித்த விதம் எளிமையானது. வளர்ப்புச் செல்களுக்கு 0.5 மில்லிமோலார் சோடியம் ஆர்சனைட் கொடுத்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் துகள்கள் தெரியும். கூடவே சைக்ளோஹெக்ஸிமைடு சேர்த்தால் துகள் வராது, வந்தவையும் கரைந்துபோகும். பியூரோமைசின் சேர்த்தால் துகள்கள் பெருகும். இரண்டு மருந்துமே புரதத் தயாரிப்பை நிறுத்துபவைதான். ஆனால் முன்னது ரைபோசோமை எம்ஆர்என்ஏ மீதே உறையவைக்கிறது, பின்னது கீழே இறக்கிவிடுகிறது. அப்படியானால் தயாரிப்பு நின்றது காரணமல்ல, ஆர்என்ஏ வெறுமையானதே காரணம்.

வெறுமையை உணரும் முக்கியப் புரதம் ஜி3பிபி1. அதன் வால்முனையில் நேர்மின்னேற்றமுள்ள பகுதி ஆர்என்ஏவைப் பிடிக்கும். சாதாரண நேரத்தில் அதே புரதத்தின் நடுவிலுள்ள எதிர்மின்னேற்றப் பகுதி வளைந்து வந்து அதை மறைத்துக்கொள்கிறது. வெற்று ஆர்என்ஏ குவியும்போது, தானும் எதிர்மின்னேற்றம் கொண்டதால், போட்டியிட்டு அந்த மறைப்பை விலக்குகிறது. ஜி3பிபி1 எப்போதும் இரட்டையாகவே இருப்பதால் ஒவ்வொரு இரட்டையும் இரண்டு ஆர்என்ஏக்களைப் பிணைக்கலாம். பிணைப்புகள் வலையாகி, வலை சட்டென்று துளியாகப் பிரிகிறது. 2020இல் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்தப் படத்தை வெளியிட்டன. தாவரங்களிலும் இந்தக் குடும்பத்துப் புரதங்கள் உண்டு. ஆர்பிபி47, யுபிபி1 ஆகியவையும் அங்கே துகளுக்குள் சேர்கின்றன.

ஆய்வகத்தில் ஏமாறுவதும் எளிது. ஜி3பிபியை அளவுக்கு மீறிச் செல்லில் பெருக்கினால், எந்த நெருக்கடியும் இல்லாமலே துகள் வரும். நாற்றை நீரில் வைத்துக் கண்ணாடி வில்லையால் மூடி நெடுநேரம் பார்த்தால், ஆக்ஸிஜன் குறைவே துகளை உண்டாக்கிவிடலாம். துகள் திரவமா என்று அறிய ஊற்றும் ஹெக்ஸேன்டையால் செல்லையே பாழாக்கும். அதை மட்டும் வைத்து ‘திரவம்’ என்று முடிவுகட்டும் கட்டுரைகளைச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

பயன் என்ன? ‘எம்ஆர்என்ஏ கிடங்கு’ என்ற பழைய விளக்கம் அரைகுறையானது. 2017இல் மனிதச் செல்களில் கணக்கெடுத்தபோது, மொத்த எம்ஆர்என்ஏ மூலக்கூறுகளில் ஏறத்தாழ 10 விழுக்காடே துகளுக்குள் இருந்தது. நீளமானவையும் குறைவாக மொழிபெயர்க்கப்படுபவையும் அதிகம். எச்எஸ்பி70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் எம்ஆர்என்ஏ வெப்பத்தின்போது வெளியில் நின்று வேலையைத் தொடர்கிறது. அராபிடாப்சிஸ் செடியிலோ சேமிப்பு தெளிவாகத் தெரிகிறது. ரைபோசோம் புரதங்களுக்கான எம்ஆர்என்ஏக்கள் வெப்பத்தில் துகளுக்குள் போகின்றன. சூடு தணிந்தபின் அவை வெளியேற எச்எஸ்பி101 என்ற இன்னொரு வெப்ப அதிர்ச்சிப் புரதம் உதவுகிறது.

துகள் கரையாமல் இறுகினால் ஆபத்து. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயோடு தொடர்புடைய எஃப்யுஎஸ், டிடிபி-43 புரதங்கள் இந்தத் துகள்களில் சேரக்கூடியவை. தக்காளிச் செல்லைச் சூடாக்குவதால் என்ன லாபம் என்று 1983இல் ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால், யாரும் இந்த நோயைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடிப்படை ஆய்வுக்கு முன்கூட்டியே பயன்பட்டியல் கேட்பது வீண் வேலை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

துகள் வெறும் பக்கவிளைவு என்பவர்கள் போலியோ வைரஸைக் கவனிக்க வேண்டும். அதன் 3சி என்ற நொதி ஜி3பிபி1ஐ 326ஆம் அமினோ அமிலத்தருகே வெட்டுகிறது, துகள்கள் கலைந்துவிடுகின்றன. வெட்ட முடியாதபடி மாற்றிய ஜி3பிபியைச் செல்லுக்குக் கொடுத்தபோது துகள்கள் நிலைத்தன, வைரஸின் பெருக்கம் குறைந்தது.