ரியா வேறு, முகஸ்துதி வேறு

“முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை, உங்கள் எழுத்து உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.” இந்த வாக்கியம் தமிழ் பேசும் எல்லோருக்கும் புரியும். எதிரில் இருப்பவரைக் குளிர்விக்கச் சொல்லும் புகழ்ச்சிக்குப் பெயர் முகஸ்துதி. அடுத்து இதைப் பாருங்கள்: “முகஸ்துதிக்காகத் தர்மம் செய்யாதீர்கள்.” இதைக் கேட்பவர் என்ன நினைப்பார்? யாரையோ குளிர்விப்பதற்காகத் தர்மம் செய்யக் கூடாது என்று நினைப்பார். சொன்னவர் கருதியதோ அதுவல்ல. தான் தர்மம் செய்வதை ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யாதீர்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (சொற்பொழிவில்), மார்க்க இதழ்களில், நபிமொழிகளான ஹதீஸ்களின் மொழிபெயர்ப்புத் தலைப்புகளில், ரமளான் மாதத் துண்டறிக்கைகளில் எங்கும், பிறர் காண வேண்டுமென்றே நற்செயல் செய்வதைக் குறிக்கும் ‘ரியா’ என்ற அரபுச் சொல்லுக்கு ‘முகஸ்துதி’ என்றே எழுதுகிறார்கள். பழகிப்போனதால் யாருக்கும் உறுத்துவதில்லை. உறுத்த வேண்டும். ஏனென்றால் இந்தச் சொல் குற்றத்தை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளிடம் நகர்த்திவிடுகிறது.

முதலில் வேர். முகம், ஸ்துதி இரண்டும் சமஸ்கிருதவழிச் சொற்கள். ஸ்துதி என்றால் புகழ்தல், போற்றுதல். தமிழ் ஒலிக்கேற்ப முகத்துதி என்றும் எழுதுவார்கள். இச்சகம் என்பது இதற்கான பழைய சொல். பேச்சுவழக்கில் காக்காய் பிடிப்பது, ஐஸ் வைப்பது. எல்லாவற்றிலும் அமைப்பு ஒன்றே: புகழ்கிறவர் ஒருவர், புகழப்படுகிறவர் இன்னொருவர். தவறு புகழ்கிறவருடையது.

ரியா, ‘ரஆ’ என்ற வினையிலிருந்து வருகிறது. ரஆ என்றால் கண்டான். அதன் விரிந்த வடிவமே பிறர் காணும்படி நடப்பதைக் குறிக்கும். குர்ஆனில் ரியா என்ற பெயர்ச்சொல் 2:264, 4:38, 8:47 (அத்தியாயம்:வசனம்) ஆகிய 3 வசனங்களிலும், அதன் வினை வடிவம் 4:142, 107:6 ஆகிய 2 வசனங்களிலும் வருகின்றன. பெயர்ச்சொல் வரும் 3 இடங்களிலும் அதனுடன் ‘மக்கள்’ என்ற சொல் ஒட்டியே இருக்கிறது. மக்கள் காண, மக்களுக்குக் காட்ட. ஆக, செய்கிறவர் ஒருவர், பார்க்கிறவர்கள் பலர். தவறு செய்கிறவருடையது, பார்ப்பவர்கள்மீது எந்தக் குற்றமும் இல்லை. வாயிலிருந்து ஒரு சொல்கூட வர வேண்டியதில்லை.

இப்போது குழப்பம் எங்கே விளைகிறது என்று பாருங்கள். பள்ளிவாசலின் சொற்பொழிவு மேடையான மிம்பரிலிருந்து “முகஸ்துதி கூடாது” என்று ஒலிக்கிறது. பள்ளிவாசலின் மின்விசிறி இறக்கைகளில் தன் பெயரை எழுதிக் கொடுத்தவர் கீழே உட்கார்ந்து கேட்கிறார். நாம் யாரையும் முகஸ்துதி செய்யவில்லையே என்று நிம்மதியாக இருக்கிறார். உம்ரா என்ற மக்கா புனிதப் பயணம் போய் கஅபாவைவிடத் தன் முகம் பெரிதாகத் தெரியும்படி படம் எடுத்து ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டவரும், தான் வாங்கிய குர்பானி மாட்டின் விலையைத் தெருவில் நாலு பேர் காதில் விழும்படி சொல்கிறவரும் அப்படியே நிம்மதியாக இருப்பார்கள். “மாஷா அல்லாஹ், நல்ல காரியம் செய்தீர்கள்” என்று மனமாரப் பாராட்டியவர்தான் கூசிப்போவார். எச்சரிக்கை போய்ச் சேர வேண்டியவரிடம் சேரவில்லை. சேரக் கூடாதவரைக் குத்துகிறது.

இந்தச் சொல்லை ஆதரிப்பவர்களிடம் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. இரண்டையும் நியாயமாக எடை போட வேண்டும்.

முதல் வாதம் ‘முகம்’ என்பதைப் பிடித்துக்கொள்கிறது. அல்லாஹ்வின் முகத்தை நாடிச் செய்வது என்று குர்ஆன் பேசுகிறது. 76:9-இல் உணவளிப்போர் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்கு எதிரானது மனிதர்களின் முகத்தை நாடிச் செய்வது. ஆகவே முகஸ்துதி என்பார்கள். அழகான வாதம்தான். ஆனால் அது முகம் என்ற பாதியை மட்டுமே விளக்குகிறது. ஸ்துதி என்ற மறுபாதி எங்கே போயிற்று? தமிழ் வாசகர் சொல்லை இரண்டாகப் பிளந்து ஒரு பாதிக்கு மட்டும் பொருள் கொள்வதில்லை.

இரண்டாம் வாதம் இன்னும் வலுவானது. ரியாக்காரன் புகழுக்காகத்தானே செய்கிறான், அந்தப் புகழைத்தான் முகஸ்துதி என்கிறோம் என்பது. ‘முஸ்லிம்’ எனப்படும் ஹதீஸ் தொகுப்பில் நபித்தோழர் அபூஹுரைரா அறிவிக்கும் ஹதீஸைத் துணைக்கு அழைப்பார்கள்: மறுமையில் முதலில் தீர்ப்பளிக்கப்படும் மூவர் ஒரு போர்வீரர், ஓர் அறிஞர், ஒரு கொடையாளி. வீரன் என்று சொல்லப்படுவதற்காகப் போரிட்டாய், அவ்வாறே சொல்லப்பட்டுவிட்டது என்று அந்த வீரரிடம் கூறப்படும். சரி, அதையே பார்ப்போம். அவர் விரும்பியது ‘சொல்லப்படுவது’. ஊர் முழுக்க, தான் இல்லாத இடத்திலும், தான் இறந்த பிறகும் சொல்லப்படுவது. முகத்துக்கு நேரே சொல்லும் பசப்பு அல்ல. ஊர் சொன்னது பொய்ப் புகழ்ச்சியும் அல்ல. அவர் உண்மையிலேயே வீரர்தான். முகஸ்துதியின் இரண்டு இலக்கணங்களும் இங்கே பொருந்தவில்லை.

தவிர, ரியாவின் நோக்கம் எப்போதும் புகழ் மட்டுமல்ல. மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’ நூலில் ரியாவையும் ‘ஜாஹ்’ எனப்படும் அந்தஸ்து ஆசையையும் ஒரே நூற்பகுதியில் சேர்த்து ஆராய்கிறார். அந்தஸ்து என்பது மக்களின் இதயங்களைச் சொந்தமாக்கிக்கொள்வது. செல்வம் பொருள்களைச் சொந்தமாக்குவதுபோல என்பது அவர் தரும் விளக்கம். வக்பு நிர்வாகமோ அநாதைகளின் சொத்தோ தன் பொறுப்பில் வர வேண்டும் என்பதற்காகப் பக்தியைக் காட்டுகிறவரையும் அவர் இதில் சேர்க்கிறார். அப்படிக் காட்டுகிறவருக்குப் புகழ் தேவையில்லை, சாவி தேவை. ரியா வெளிப்படும் வழிகளாக உடல், உடையும் தோற்றமும், பேச்சு, செயல், உடனிருப்போர் என 5 வகைகளையும் கஸ்ஸாலி சொல்கிறார். நிறைய நோன்பு வைப்பது தெரியட்டும் என்று உலர்ந்த உதடுகளோடு இருப்பது உடல். தொழுகையில் நெற்றியைத் தரையில் பதிக்கும் ஸஜ்தாவால் வந்த தழும்பை விட்டுவைப்பது தோற்றம். ஆள் பார்க்கும்போது உதட்டை அசைத்து இறைவனை நினைவுகூரும் திக்ர் செய்வது பேச்சு. தொழுகையில் குனியும் ருகூவையும் ஸஜ்தாவையும் நீட்டுவது செயல். ஒரு பெரிய ஆலிமை (மார்க்க அறிஞரை) தன் வீட்டுக்கு வரவழைத்து, இன்னார் வீட்டுக்கு அவரே வந்தார் என்று பேச வைப்பது உடனிருப்போர் வகை. இவற்றில் ஒன்றையாவது தமிழன் முகஸ்துதி என்பானா?

இன்னொரு தொல்லை. உண்மையான முகஸ்துதியைக் கண்டிக்கும் ஹதீஸ் தனியாகவே இருக்கிறது. புகழ்ந்து தள்ளுவோரின் முகங்களில் மண்ணை வீசுங்கள் என்பது மிக்தாத் அறிவிக்கும் செய்தி. தமிழில் முகஸ்துதி என்ற சொல் அச்சு அசலாகப் பொருந்தக்கூடிய இடம் இது. ஆனால் அதை ரியாவுக்குத் தாரை வார்த்துவிட்டதால், இங்கே ‘புகழ்பவர்கள்’ என்று வெறுமனே எழுத வேண்டியதாகிறது. அபூதர் அறிவிக்கும் மற்றொரு செய்தியில், ஒருவர் நற்செயல் செய்கிறார், மக்கள் அதற்காக அவரைப் புகழ்கிறார்கள் என்றபோது, அது இறைநம்பிக்கையாளருக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்று நபியவர்கள் சொன்னார்கள். புகழ் வந்தாலே ரியா ஆகிவிடாது. 2:271 வசனமும் தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதை நல்லது என்றும், மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பதை இன்னும் நல்லது என்றும்தான் சொல்கிறது. ஜமாஅத்தோடு, அதாவது கூட்டாக, தொழுவது நாலு பேர் பார்க்கத்தான் நடக்கும். கண்ணில் படுவது வேறு. கண்ணில் படுவதற்காகவே செய்வது வேறு. இந்த நூலிழை வேறுபாட்டைப் புகழ்ச்சியைக் குறிக்கும் ஒரு சொல்லால் பிடிக்கவே முடியாது.

முகஸ்துதி முற்றாக உடைந்து விழும் இடம் ஒன்று உண்டு. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸ் இது. அரபியின் அமைப்பு மாறாமல் தமிழில் சொன்னால்: “யார் பிறர் கேட்கச் செய்கிறாரோ, அவரை அல்லாஹ் கேட்கச் செய்வான்; யார் பிறர் காணச் செய்கிறாரோ, அவரை அல்லாஹ் காணச் செய்வான்.” காதுக்கு ஸும்ஆ, கண்ணுக்கு ரியா. ஒரே வினை மனிதனுக்கும் இறைவனுக்கும் திரும்பி வருகிறது; தண்டனையின் கூர்மையே அந்தத் திருப்பத்தில்தான். இதில் முகஸ்துதியைப் போட்டால் இரண்டாம் பாதியில் அல்லாஹ் அவரை முகஸ்துதி செய்வான் என்று எழுத வேண்டிவரும்! அப்படி எழுத முடியாது. அதனால் ‘அம்பலப்படுத்துவான்’ என்று வேறொரு வினைக்குத் தாவ வேண்டியிருக்கிறது. கருத்து தப்பவில்லை, வாக்கியம் செத்துவிட்டது.

பிறகு என்ன சொல் வேண்டும்? பகட்டு நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் அதில் மினுக்கு இருக்கிறது. ஒட்டுப்போட்ட ஆடையாலும் ரியா செய்யலாம் என்பதால் பகட்டு போதாது. பாசாங்கும் வெளிவேடமும் செயலையே பொய் என்கின்றன. ரியாவில் தொழுகை உண்மையான தொழுகைதான், நோக்கம்தான் கெட்டது. புலித்தோல் போர்த்திய பசுவைக் குறள் சொல்வது (273) அந்த வேடத்துக்கு. அது நயவஞ்சகத்துக்குப் பக்கத்தில் வரும். விளம்பரம் கடைத்தெரு வாடை அடிக்கிறது.

என் தேர்வு காட்டிக்கொள்ளல். உண் என்பதிலிருந்து ஊட்டு வருவதுபோல, காண் என்பதிலிருந்து காட்டு வருகிறது. அரபியில் காண்பதிலிருந்து காணச் செய்வது வருவதற்கு இது மிக அருகில் நிற்கிறது. ‘கொள்’ என்ற துணைவினை, செயலின் பலன் செய்கிறவருக்கே திரும்புவதைக் காட்டுகிறது. “படித்தவன்போல் காட்டிக்கொண்டான்” என்பதில் போலித்தனம் ஒட்டியிருக்கிறதே என்று மறுக்கலாம். அந்தப் போலித்தனத்தைக் கொண்டுவருவது ‘போல்’. “வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருந்தார்” என்கிறோம். அங்கே வலி உண்மையானது. தொழுகையைக் காட்டிக்கொண்டான் என்றாலும் தொழுகை உண்மைதான். 107:6-க்கு ‘அவர்கள் காட்டிக்கொள்கிறார்கள்’, 2:264-க்கு ‘மக்களுக்குக் காட்டுவதற்காக’ என்று எழுதினால் அடைப்புக்குறி விளக்கம் தேவைப்படாது. வசனங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் பலரும் ‘காண்பிப்பதற்காக’ என்று சரியாகவே எழுதிவிட்டு, தலைப்புக்கும் அடிக்குறிப்புக்கும் வரும்போது முகஸ்துதிக்குத் திரும்பிவிடுவதுதான் வருத்தம். இல்லாவிட்டால் ரியா என்றே விட்டுவிடலாம். அரபு எழுத்துகளால் தமிழை எழுதும் அரபுத்தமிழில் எழுதிய முன்னோர் இத்தகைய சொற்களை அப்படியே எழுதத் தயங்கியதில்லை. தவறான தமிழைவிடப் புரிந்த அரபி மேல்.

ஸும்ஆவுக்குத் தம்பட்டம் இருக்கிறது. அது ஒரு பறையின் பெயர். காதுக்குள் போவதற்கென்றே உள்ள கருவி.

இதே அலட்சியம்தான் உஜ்ப், கிப்ர், ஃபக்ர் என்ற அரபுச் சொற்கள் மூன்றையும் ‘பெருமை’ என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறது. ஃபக்ருக்கு எதிரே ஒருவன் வேண்டும்; “உன்னைவிட என்னிடம்” என்று தொடங்கும் பேச்சு அது, தற்புகழ்ச்சி. கிப்ர் உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக நினைப்பதும் என்று ஹதீஸே வரையறுத்துவிட்டது. செருக்கு என்றால் போதும். உஜ்புக்குப் பார்வையாளரே வேண்டாம், பூட்டிய அறையில் தனியாக இருந்தும் வரும். அதன் வேருக்கு வியத்தல் என்று பொருள். ‘சிறுமை அணியுமாம் தன்னை வியந்து’ என்று குறளில் (978) இருக்கும்போது, உஜ்புக்குத் தன்வியப்பு என்று எழுத எந்த மொழிபெயர்ப்பாளரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை.